ஆர் செய்முறை அரியர் கிளியர்: என்னைக் கவிழ்த்த ஐந்தரை மணி நேரம்

போன வாரம் ரிசல்ட் வந்தது. எம்.எஸ்சி. புள்ளியியல், ஆர் (R) என்ற நிரல்மொழியின் செய்முறைத் தாள், இரண்டாம் முயற்சியில் பாஸ். மூன்று நாளாகத்தான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

முதல் முறை எங்கே போனது என்று சொல்லிவிடுகிறேன். ஆம்புலன்ஸ் அழைப்புகளின் தரவு, நேரமெல்லாம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில்; இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். இந்திய நேரப்படி மார்ச் 2024க்கு நாள்வாரி எண்ணிக்கை கேட்டிருந்தார்கள். தேதி, நேரத்துக்கான ஆர் தொகுப்பான லூப்ரிடேட்டில் வித்_டிஇசட் (with_tz) என்ற கட்டளை போட்டு மாற்றினேன். 14ஆம் தேதி 20:10 என்றிருந்தது, திரையில் 15ஆம் தேதி 1:40 என்று சரியாகவே வந்தது. அப்புறம் தேதியை மட்டும் பிரிக்க ஆஸ்.டேட் (as.Date) போட்டேன், நேர மண்டலம் கொடுக்கவில்லை. லேப்பில் இருந்த பதிப்பு யுடிசி தேதியை எடுத்துக்கொண்டது. நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை வந்த அழைப்புகள் எல்லாம் முந்தின நாள் கணக்கில் போய்விட்டன.

மொத்தக் கூட்டுத்தொகை சரியாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை. அட்டவணையின் தலையில் பிப்ரவரி 29 என்று ஒரு வரி நின்றது. தரவில்தான் பிழை என்று நினைத்து அந்த வரியை நீக்கினேன். தப்பு எங்கே என்று காட்டிக்கொடுத்த ஒரே வரி அதுதான். அதை நானே அழித்ததை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

அதனால், மற்றதை விட்டாலும் இவற்றை விடாதீர்கள்:

- ஆஸ்.டேட் எழுதும்போதெல்லாம் டிஇசட் (tz), அதாவது நேர மண்டலம் கொடுங்கள். ஒவ்வொரு முறையும்.
- மண்டலப் பெயர் 'ஏசியா/கொல்கத்தா'. 'ஐஎஸ்டி' வேண்டாம். இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் அதே சுருக்கம்தான். ஆர் அதைப் புரிந்துகொள்ளாமல் யுடிசி நேரத்தையே காட்டிவிடும்.
- வித்_டிஇசட்டில் நிகழ்ந்த கணம் மாறாது, கடிகாரம் காட்டும் நேரம் மாறும். ஃபோர்ஸ்_டிஇசட்டில் (force_tz) கடிகாரம் அப்படியே நிற்கும், கணம் மாறிவிடும். மண்டலம் தவறாகப் பதிவான தரவுக்கு மட்டும் இரண்டாவது.
- உட்கார்ந்ததும், இயந்திரம் எந்த நேர மண்டலத்தில் இருக்கிறது என்று காட்டும் சிஸ்.டைம்சோன் (Sys.timezone) ஓட்டிப் பாருங்கள். வீட்டு லேப்டாப் இந்திய நேரத்தில் இருக்கும், லேப் சர்வர் யுடிசியில் இருக்கலாம். மண்டலம் சொல்லாமல் படிக்கும் நேரத்தை, கூடுதல் தொகுப்பு இல்லாத அடிப்படை ஆர் அந்தந்த இயந்திரத்தின் நேரமாகவே எடுத்துக்கொள்ளும்.

வைவாவில், "19,800 விநாடியை, அதாவது ஐந்தரை மணியைக் கூட்டிவிட்டால் போதாதா?" என்று கேட்டார் எக்ஸ்டெர்னல், வெளியிலிருந்து வந்த தேர்வாளர். இலங்கையைச் சொன்னேன். 1996 மே மாதம் யுடிசி+6:30க்குப் போனார்கள், அதே அக்டோபரில் +6:00, 2006 ஏப்ரலில் மறுபடி +5:30. கொழும்பின் 2000ஆம் ஆண்டுத் தரவில் ஐந்தரையைக் கூட்டினால் அரைமணி நேரம் குறையும். மண்டலப் பெயரைக் கொடுத்தால் இந்த வரலாற்றையெல்லாம் ஆர் தானே பார்த்துக்கொள்ளும். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

குழுவாகப் படிப்பது எனக்குச் சரிவராது. பத்து நேரங்களைத் தாளில் கையால் மாற்றி எழுதி, பிறகு ஆரில் ஓட்டி ஒப்பிட்டேன். நள்ளிரவை ஒட்டிய நேரங்களாகவே எடுங்கள், பகல் பத்து மணியில் தேதித் தப்பு தெரியாது.

இந்த முறை வந்தது ஜூன் மாதத் தரவு. அட்டவணையில் 30 நாளுக்கு 30 வரி. மேலிருந்து கீழாக இரண்டு தடவை விரல் வைத்து எண்ணிய பிறகுதான் கையைத் தூக்கி எக்ஸ்டெர்னலைக் கூப்பிட்டேன்.