போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் டேபிள் வீங்கினால் முதலில் எங்கே பார்ப்பது?

டேட்டா 20 ஜிபிதான் இருக்கும், டேபிள் டிஸ்க்கில் 90 ஜிபி பிடித்திருக்கும். பார்த்ததும் பலருக்கும், டேபிளைத் திரும்ப எழுதிச் சுருக்கும் ‘வேக்யூம் ஃபுல்’ கமாண்டை ஓட்டத்தான் கை போகும். தயவுசெய்து பகலில் அதைத் தொடாதீர்கள். ஓடி முடிக்கும்வரை டேபிள் முழுசாகப் பூட்டிக்கிடக்கும், செலக்ட்கூட நடக்காது. டேபிளையும் இண்டெக்ஸ்களையும் புதிதாக எழுதி முடித்த பிறகே பழையதை விடும் என்பதால், அதுவரை இரண்டுக்கும் இடம் வேண்டும். டிஸ்க் நிரம்பப்போகிறதே என்று ஓட்டினால், அதுவே டிஸ்க்கை நிரப்பிவிடும்.

அப்டேட் செய்யும்போது போஸ்ட்கிரெஸ் பழைய ரோவை அழிப்பதில்லை. புதிய ரோவை எழுதிவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவைக்கும். வேறொரு டிரான்ஸாக்ஷனுக்கு அது இன்னும் தேவைப்படலாம். யாருக்கும் வேண்டாம் என்றான பிறகு, பின்னணியில் தானாக ஓடும் ஆட்டோவேக்யூம் வந்து அந்த இடத்தை மறுபடி பயன்படுத்த விடுவிக்கும். ஆகவே டேபிள் வீங்கியிருந்தால், ஆட்டோவேக்யூம் வரவில்லையா, வந்தும் எடுக்க முடியவில்லையா என்று பாருங்கள். நிறையப் பேர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

அந்த டேபிளில் ‘வேக்யூம் வெர்போஸ்’ ஓட்டுங்கள். சாதா வேக்யூம் படிப்பதையும் எழுதுவதையும் தடுக்காது. டெட் ரோக்கள் (பழசாகிப்போன ரோக்கள்) இருக்கின்றன, ஆனால் இன்னும் நீக்க முடியாது என்று லட்சக்கணக்கில் எண் காட்டினால், ஆட்டோவேக்யூம் செட்டிங்கில் கை வைக்க வேண்டாம். எங்கேயோ ஒரு பழைய டிரான்ஸாக்ஷன் அவற்றைப் பிடித்துவைத்திருக்கிறது.

செஷன்களைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில், டிரான்ஸாக்ஷன் தொடங்கிய எக்ஸாக்ட்_ஸ்டார்ட் நேரப்படி வரிசைப்படுத்துங்கள். ‘ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்’ என்று மணிக்கணக்கில் நிற்கும் செஷன்தான் வழக்கமான ஆள்: அப்ளிகேஷன் பிகின் போட்டுவிட்டு கமிட் செய்யாமல் விட்டது. செஷனுக்கு எவ்வளவு பழைய ரோக்கள்வரை வேண்டும் என்று காட்டும் பேக்எண்ட்_எக்ஸ்மின்னை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ரீட் கமிட்டெட்டில் (டிஃபால்ட் ஐசொலேஷன் லெவல்) ஒரு அப்டேட் செய்துவிட்டுச் சும்மா நிற்கும் செஷனில் அது காலியாக இருக்கும். செஷனின் சொந்த டிரான்ஸாக்ஷன் எண்ணைக் காட்டும் பேக்எண்ட்_எக்ஸ்ஐடியில்தான் எண் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இப்படி நிற்கும் செஷனுக்கு பிஜி_கேன்சல்_பேக்எண்ட் வேலைக்கு ஆகாது. கேன்சல் செய்ய அங்கே க்வெரி எதுவும் ஓடவில்லை. பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்தான் வழி. திரும்ப வராமலிருக்க ‘ஐடில் இன் டிரான்ஸாக்ஷன் செஷன் டைம்அவுட்’டை 5 நிமிடம்போல வையுங்கள். டிஃபால்ட்டாக அது 0, அதாவது அணைந்தே இருக்கும்.

அங்கே ஆள் சிக்கவில்லையென்றால் கமிட்டுக்குத் தயாராக்கி நிற்கும் டிரான்ஸாக்ஷன்களைக் காட்டும் பிஜி_ப்ரிப்பேர்டு_எக்ஸாக்ட்ஸ், பிறகு ரெப்ளிகாவுக்காகப் பிடித்துவைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட்களைப் பாருங்கள். ரெப்ளிகா தனக்கு வேண்டிய ரோக்களைப் ப்ரைமரிக்குச் சொல்லும் ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக் ஆன் ஆகியிருந்தால் ரெப்ளிகாவில் ஓடும் நீளமான ரிப்போர்ட்கூட ப்ரைமரியைப் பிடித்து நிறுத்தும்.

பிடித்திருந்தவர் போனதும் சாதா வேக்யூம் ஒருமுறை ஓட்டினால் போதும். ஃபைல் சைஸ் அநேகமாகக் குறையாது. உள்ளே காலியான இடத்தில் புதிய ரோக்கள் வந்து உட்காரும். அதற்காகப் பதற வேண்டாம்.

ஆட்டோவேக்யூம் வருவதே அரிது என்றால் கணக்கைப் பாருங்கள். டிஃபால்ட் 50 ரோ, கூடவே டேபிளில் 20 சதவீதம். 10 கோடி ரோ இருக்கும் டேபிளில் 2 கோடி டெட் ரோ சேர்ந்த பிறகே அது எட்டிப்பார்க்கும். ஆல்டர் டேபிள் மூலம் அந்த ஒரு டேபிளுக்கு மட்டும் அந்தச் சதவீதமான ஸ்கேல் ஃபேக்டரை 0.01 ஆக்கினால் 10 லட்சத்திலேயே வரும். ஆட்டோவேக்யூம் வொர்க்கர்களை 3லிருந்து 6 ஆக்குவதால் மட்டும் வேகம் கூடாது. எவ்வளவு வேலை செய்தபின் சற்று நிற்க வேண்டும் என்ற காஸ்ட் லிமிட் 200ஐ எல்லா வொர்க்கரும் பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொன்றும் மெதுவாகும். எஸ்எஸ்டி என்றால் லிமிட்டை 1000, 2000 என்று ஏற்றி, டிஸ்க் லோடைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபைலைச் சுருக்கியே ஆகவேண்டுமென்றால் டேபிளை நீளமாகப் பூட்டாமல் திரும்ப எழுதும் பிஜி_ரீபேக் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. டேபிளில் ப்ரைமரி கீயோ, நல் இல்லாத யூனிக் இண்டெக்ஸோ வேண்டும். டிஸ்க்கில் இரண்டு மடங்கு இடமும் வேண்டும். பூட்டு தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் நீளமான க்வெரி எதுவும் அந்த டேபிளில் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.