ரிவர்ட்

ஆர்சிஏ படிவத்தில் (ரூட் காஸ் அனாலிசிஸ், தவறு எதனால் நடந்தது என்று எழுதும் படிவம்) காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதியது 'கம்யூனிகேஷன் கேப்', அவ்வளவுதான். அப்படி எழுதியது சரிதானா என்று இன்னும் குழம்பிக்கொண்டிருக்கிறேன்.

மேனேஜரின் மெயில் இதுதான்: "பேமென்ட் பேஜ் சேஞ்ச். ப்ளீஸ் ரிவர்ட் பை சிக்ஸ்." வேலை எந்த நிலையில் இருக்கிறது, ஆறு மணிக்குள் பதில் போடு என்று கேட்டிருக்கிறார். டீமுக்குப் புதிதாக வந்த தம்பி, மாற்றத்தையே திருப்பி எடுத்துவிட்டான். கோடை வைத்திருக்கும் கிட்ஹப் தளமே, மெர்ஜ் ஆன, அதாவது கோடில் சேர்ந்துவிட்ட, புல் ரிக்வெஸ்டின் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) கீழே ரிவர்ட் என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறது. அமுக்கினான். யாரோ பார்க்காமலே அப்ரூவலும் கொடுத்தார்கள். (அந்த யாரோ பற்றி ஆர்சிஏவில் ஒரு வரிகூட இல்லை.) மிச்சத்தை, கோடைத் தானாக லைவுக்குக் கொண்டுபோகும் பைப்லைன் பார்த்துக்கொண்டது. மாற்றத்தைத் திரும்பக் கொண்டுவர, ரிவர்ட்டையே ரிவர்ட் செய்ய வேண்டியதாயிற்று.

"ரிவர்ட்னா ரிப்ளைன்னு எல்லாருக்கும் தெரியுமே?" என்றார் மேனேஜர். அவரும் சென்னைக்காரர்தான். பெங்களூரு ஆபீஸ்களில் அது உண்மையும்கூட. ஹெச்ஆரிலிருந்து வீட்டு புரோக்கர் வரை எல்லாரும் 'ரிவர்ட்' கேட்கிறார்கள், நானும்தான். ஆக்ஸ்போர்டின் மாணவர் அகராதியும் இந்தப் பொருளை இந்திய ஆங்கிலம் என்று குறித்துச் சேர்த்திருக்கிறது.

தம்பி அருப்புக்கோட்டைப் பக்கம், பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். அவனுடைய ஆங்கிலம் பெரும்பாலும் கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளின் கையேட்டிலிருந்தும் எரர் மெசேஜ்களிலிருந்தும் வந்தது. அங்கே ரிவர்ட் என்றால், பழைய கமிட்டை (பதிவான மாற்றத்தை) அழிக்காமல், அதன் மாற்றத்தை எதிர்த்திசையில் போட்டுப் புதுக் கமிட் ஒன்று உருவாக்குவது. லத்தீன் மூலத்துக்கும் 'திரும்பிப் போ' என்றுதான் அர்த்தம். குத்தகை முடிந்தால் நிலம் உரிமையாளருக்கே திரும்புவதைச் சட்ட ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால், அந்த அறையில் சொல்லுக்கு நேரான அர்த்தம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஆபீஸ் ஆங்கிலம் பழகிய நாங்கள்தான் அதை வளைத்து வைத்திருந்தோம்.

இதை நான் மீட்டிங்கில் சொல்லவில்லை. மேனேஜர் 'ஹ்யூமன் எரர்' என்று போடச் சொன்னார். அதைத் தடுக்கத்தான் 'கேப்' என்று எழுதினேன், அவன் பெயர் எங்கேயும் வராமல் பார்த்துக்கொண்டேன். அன்றைக்கு அதுவே பெரிய காரியமாகத் தெரிந்தது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பேமென்ட் பக்கத்தை எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றும் தோன்றுகிறது. கேட்க வேண்டும் என்று தோன்ற, சந்தேகம் வந்திருக்க வேண்டுமே? அவனுக்கு வர வழியே இல்லை.

படிவத்தைப் படித்துவிட்டு என் சீட்டுக்கு வந்தான். "அக்கா, கேப்னு போட்டிருக்கீங்க. யார் பக்கம் கேப்?"

"ரெண்டு பக்கமும்தான்டா" என்றேன்.

"சரிக்கா."

அந்த 'சரிக்கா' எந்த அர்த்தத்தில் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

அப்புறம் ஒவ்வொரு மெயிலுக்கும் கேட்க ஆரம்பித்தான்: "ரிப்ளையா, ரோல்பேக்கா?" அந்த வருட அப்ரைசலில் அவனைப் பற்றி, சின்ன விஷயத்துக்கெல்லாம் விளக்கம் கேட்கிறார் என்று ஒரு வரி வந்தது. மேனேஜர் எழுதியது. ரிவ்யூவர் என்ற இடத்தில் என் பெயர். அந்த வரியை எடுக்கச் சொல்லி மெயில் போட்டேன். "வில் ரிவர்ட்" என்று பதில் வந்தது.