வாக்கில்லாதவனுக்கும் ஓர் ஒலிவாங்கி

கனடாவின் ரொறன்ரோ நகரில், கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் நான் முதலில் குடியிருந்த வீட்டில் ஐந்து அறைகள், ஐந்து பேர், ஒரே சமையலறை. சாவியைக் கையில் தந்தவர் ஒரு நிபந்தனைதான் சொன்னார்: "நகரசபையிலிருந்து யாராவது வந்து கதவைத் தட்டினால், எல்லோரும் உறவினர்கள் என்று சொல்லுங்கள்."

2023 இலையுதிர் காலம் அது. ரொறன்ரோவில் வந்திறங்கி இரண்டு கிழமைகூட ஆகவில்லை. சமைக்கும்போது கத்துகிறதென்று புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரியைக் கழற்றி, கரண்டிகள் கிடந்த இழுப்பறைக்குள் போட்டு வைத்திருந்தார்கள். ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. வாடகை மலிவு, வாயை மூடிக்கொண்டேன்.

காரணம் பிறகுதான் விளங்கியது. 1998இல் ஸ்காபரோவும் பழைய ரொறன்ரோவும் உட்பட ஆறு நகராட்சிகளை இணைத்துத்தான் இன்றைய ரொறன்ரோவை உருவாக்கினார்கள். நகரம் ஒன்றானாலும் சட்டங்கள் ஒன்றாகவில்லை. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட அறைகளைத் தனித்தனியாக வாடகைக்கு விட்டுச் சமையலறையைப் பொதுவில் வைத்துக்கொள்வது பழைய ரொறன்ரோவில் உரிமத்தோடு நடந்தது. ஸ்காபரோவில் அதற்கு இடமே இல்லை. தடை இருந்ததால் அப்படிப்பட்ட வீடுகள் இல்லாமல் போய்விடவில்லை. பரிசோதகர் வராத வீடுகளாகத் தொடர்ந்தன, அவ்வளவுதான். நகரம் முழுவதற்கும் ஒரே விதி, கட்டாய உரிமம் என்று 2022 டிசம்பரில் நகரசபை முடிவெடுத்தது. 2024 மார்ச் 31 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நான் அங்கே படுத்து எழும்பிய நாட்களில் முடிவு எடுத்தாயிற்று, நாள்தான் வரவில்லை. இழுப்பறையில் கிடந்த அந்த பேட்டரியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

குளிர் தொடங்குமுன் அங்கிருந்து ஓர் அக்காவின் வீட்டு பேஸ்மென்டுக்கு மாறினேன். அவர் ஸ்காபரோவுக்கு வந்து முப்பது வருடம். கணவர் இல்லை, ஓய்வூதியத்தில் வாழ்கிறார். ஜனவரியில் ஒரு நாள் மேலேயிருந்து பத்திரிகையோடு இறங்கி வந்தார். "தம்பி, சொத்துவரியைப் பத்தரை சதவீதம் கூட்டப் போகிறார்களாம். நான் எங்கே போவது?"

எனக்கோ அதே நகரசபையிடம் வேறு தேவை இருந்தது. ஸ்காபரோவின் இலகு ரயில் 2023 ஜூலை 24 அன்று தடம் புரண்டது, அதன்பின் ஓடவேயில்லை. 1985இல் தொடங்கிய சேவை அது. கென்னடி நிலையத்துக்கும் ஸ்காபரோ டவுன் சென்டருக்கும் இடையே நாங்கள் பஸ்ஸில் போய் வந்தோம். இரவு வேலை முடிந்து உறைபனியில் அந்த பஸ்ஸுக்காக நின்றவனுக்குச் சேவை கூட வேண்டும். சேவை கூடினால் செலவு கூடும். செலவு கூடினால் அது சொத்துவரிச் சீட்டாக அக்காவின் தபால் பெட்டியில் விழும். ஒரே வீட்டின் மேலும் கீழும் இந்த இரண்டு தேவைகளும் இருந்தன.

அந்த ஆண்டு நகரத்துக்கு விழுந்த துண்டு ஏறத்தாழ 180 கோடி டொலர். மத்திய, மாகாண அரசுகளைப்போல அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்க நகரசபைகளுக்குச் சட்டம் இடம் தருவதில்லை. வரவும் செலவும் சரிக்குச் சரி நிற்க வேண்டும். வருமான வரியும் அவர்களிடம் இல்லை, விற்பனை வரியும் இல்லை. அதனால்தான் எதற்கெடுத்தாலும் வீட்டின்மேல் கை வைக்கிறார்கள். இதை அக்காவுக்கு விளக்கியபோது, "விளங்குகிறது தம்பி, ஆனால் என் ஓய்வூதியத்துக்கு இது விளங்குமா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

வரவு செலவுத் திட்டம் பற்றிப் பொதுமக்கள் வந்து பேசலாம் என்றும் ஸ்காபரோ சிவிக் சென்டரிலும் அமர்வு உண்டு என்றும் அதே பத்திரிகையில் இருந்தது. "எனக்கு வாக்கே இல்லையே அக்கா" என்றேன். ஒன்ராறியோவில் நகரசபைத் தேர்தலிலும் குடியுரிமை உள்ளவர்தான் வாக்களிக்கலாம். நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களுக்கும் அந்த உரிமையைக் கொடுங்கள் என்று ரொறன்ரோ நகரசபை 2013இலேயே மாகாணத்திடம் கேட்டது, மாகாணம் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். வாடகைக்குள் சொத்துவரியும் அடக்கம்தானே?

"வாக்குக் கேட்கமாட்டார்கள், பெயர்தான் கேட்பார்கள். பதியும்" என்றார் அக்கா. தன் பெயரையும் பதியச் சொன்னார்.

வளைந்து வளைந்து மேலேறும் வெள்ளை மாடங்களும், நடுவே பெரிய வெளியுமாக இருக்கும் அந்த சிவிக் சென்டர் கட்டடம் 1973இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ரேமண்ட் மொரியாமா. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காகக் கனடா அரசு முகாமில் அடைத்த குடும்பங்களில் ஒன்றின் சிறுவன் அவர். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கூரையின் கீழே நின்றபோது எனக்கு முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

ஆளுக்குச் சில நிமிடங்கள்தான். எனக்கு முன்னால் பேசிய ஒரு முதியவர் தாளை விரித்து, கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் அவருடைய நேரத்தில் பாதி போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை, காத்திருந்தார்கள். அக்கா எழுந்து, நிலையான வருமானத்தில் வாழ்பவர்களை நினைத்து வரியைக் குறையுங்கள் என்றார். அடுத்து நான். இரவு பஸ்ஸைப் பற்றி எழுதி வைத்திருந்ததில் பாதியை விட்டுவிட்டேன். கை நடுங்கியதில் தாளின் சத்தம் ஒலிவாங்கியில் கேட்டது. ஒரு நகரசபை உறுப்பினர் என்னைப் பார்த்து, வேலை எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். இந்த நாட்டில் அதிகாரத்தில் இருக்கும் ஒருவர், என் பத்திரங்களைப் பற்றி அல்லாமல் என் நாளைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

நகர முதல்வர் ஒலிவியா சௌ பெப்ரவரி தொடக்கத்தில் முன்வைத்த திட்டத்தில் வரி உயர்வு 9.5 சதவீதமாகக் குறைந்திருந்தது. போக்குவரத்துக் கட்டணம் உயரவில்லை. பெப்ரவரி 14 அன்று அது நகரசபையில் முடிவானது. அதற்குள் போலீஸ் தரப்பு கேட்ட கூடுதல் ஒரு கோடியே 26 இலட்சம் டொலரும் அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. எங்கள் பேச்சால் ஒரு சதம் நகர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். அக்கா கணக்குப் பார்த்தார்: போன வருடம் கட்டிய ஒவ்வொரு 100 டொலருக்கும் இனி 109 டொலர் 50 சதம். "ஒரு சதவீதம் குறைந்ததே" என்றேன். "அதற்கு என் பேச்சும் ஒரு காரணம்" என்றார் மிக உறுதியாக. நான் மறுக்கவில்லை.

அடுத்த ஜனவரியில் வரி உயர்வு 6.9 சதவீதம் என்று செய்தி வந்தது. அன்று மாலை பேஸ்மென்டுப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. அக்காவின் கையில் பத்திரிகை இருந்தது.

"தம்பி, பெயர் பதிந்துவிட்டீரா?"