கட்டிலுக்குக் கீழே ஓர் அறை

"அம்மா, உள்ள வரும்போது கேட்டுட்டு வா."

மகள் குரல். கட்டிலுக்கு அடியிலிருந்து.

தாராவியில் எங்க வீடு 10க்கு 12. ஆறடிக்கு நாலடி கட்டில் மட்டுமே 24 சதுர அடி, வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு. போன ஞாயிறு அதுக்கு மூணரை அடியில் இரும்புக் கால் வச்சோம். மேலே தலை இடிக்கும்னு சீலிங் ஃபேனைக் கழற்றி, சுவர் ஃபேன் மாட்டினோம்.

கீழே இருந்த டிரங்குப் பெட்டியெல்லாம் இப்போ பரணில்.

இன்னைக்குக் குனிஞ்சு பார்த்தேன். என் பழைய சுங்குடிச் சேலைதான் திரை. கட்டில் பலகையின் அடியில், படுத்தால் கண்ணுக்கு நேரா, பரீட்சை அட்டவணை ஒட்டியிருக்கா.

இத்தனை வருஷம் தரையை மட்டுமே அளந்திருக்கோம். பதினாலு வயசுப் பிள்ளைக்குத் தனியா அழக்கூட ஒரு மூலை இல்லையேன்னு எத்தனை ராத்திரி தூங்காம கிடந்தேன்!

திரைக்கு வெளியே நின்னு கேட்டேன்:

"வரலாமா கண்ணு?"