இலையை எடை போட்டுப் பார்த்தது: முருங்கை முதல் ஆல் வரை

ஒரு சதுர மீட்டர் இலை செய்ய ஒரு மரம் எத்தனை கிராம் உலர்பொருள் செலவழிக்கிறது? தாவரவியலில் எல்.எம்.ஏ. (leaf mass per area) என்று சொல்வது இதைத்தான். 2004இல் இயன் ரைட் குழுவினர் உலகெங்கும் 175 இடங்களிலிருந்து 2,548 இனங்களின் தரவைத் திரட்டினார்கள். அதில் இந்த அளவு ஏறக்குறைய 14 கிராமிலிருந்து 1,500 கிராம் வரை போனது. இதை வீட்டிலேயே அளக்கலாம். பஞ்சிங் மெஷின், 0.001 கிராம் வரை காட்டும் நகைத் தராசு, ஓ.டி.ஜி. அடுப்பு, தனியாக ஒரு வெப்பமானி போதும். எடுத்துக்கொண்டவை முருங்கை, வேம்பு, மா, ஆல்.

முதல் சுற்று முழுக்க வீண். பஞ்சிங் மெஷினால் இலையிலிருந்து வட்ட வில்லைகளாக வெட்டி, உலர்த்தி எடை போடுவதுதான் முறை; 0.01 கிராம் தராசில் இலைக்கு 20 வில்லைகள் மட்டும் வைத்ததுதான் தப்பு. 6 மி.மீ. துளையின் ஒரு வில்லை 28.27 சதுர மி.மீ. சதுர மீட்டருக்கு 80 கிராம் உள்ள இலையில் 20 வில்லைகளின் எடை 0.045 கிராம். தராசு 0.04 காட்டினால் விடை 71, 0.05 காட்டினால் 88. இனத்துக்கு இனம் உள்ள வித்தியாசம் இந்தத் தடுமாற்றத்திலேயே மறைந்துவிடும். நல்ல தராசில் 100 வில்லைகள் வைத்தால் 0.226 கிராம் வரும், அதை 0.002827 சதுர மீட்டரால் வகுத்தால் 80. துளையின் விட்டத்தையும் வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். உண்மையில் 5.5 மி.மீ. உள்ளதை 6 என்று எடுத்தால் விடை 16 சதவீதம் குறைந்துவிடும்.

எந்த இலையைப் பறிப்பது என்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஒரே மாமரத்தில் வெயில் படும் உச்சிக் கிளையின் இலை தடித்திருக்கும், உள்நிழல் இலை மெல்லியதாக இருக்கும். மாவின் நிழல் இலையையும் வேம்பின் வெயில் இலையையும் ஒப்பிட்டால், அளந்தது வெளிச்சத்தை, இனத்தை அல்ல. நன்கு விரிந்து முற்றிய, பூச்சி அரிக்காத வெயில் இலைகளாக, இனத்துக்கு ஐந்து மரங்களிலிருந்தாவது எடுக்க வேண்டும். தளிர் வேண்டாம்.

பறித்த கிளையின் அடியைத் தண்ணீருக்குள் வைத்து வெட்டி, இரவு முழுக்க இருட்டில் நீரிலேயே விட வேண்டும். வாடிய இலை சுருங்கிப் பரப்பு குறைவாகக் காட்டும். முருங்கைக்கு இது சரிவராது. துணியில் கட்டி வைத்தால் காலையில் இலை தானே உதிரும் என்பது கீரை ஆய்கிற எல்லோருக்கும் தெரியும். இங்கும் அதேதான் நடந்தது. முருங்கையைப் பறித்த அன்றே அளந்துவிடுங்கள். சிற்றிலைகளில் பஞ்ச் போட இடமும் போதாது. 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, இலை விழுந்த பிக்சல்களை எண்ணுவது நல்லது. 13,950 பிக்சல் ஒரு சதுர செ.மீ. கைப்பேசிப் படம் வேண்டாம், கோணம் சற்றுச் சாய்ந்தாலும் பரப்பு மாறும்.

ஆலிலையில் பஞ்ச் போட்டால் பால் ஒட்டி வில்லைகள் உள்ளேயே சிக்கும். தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, பிறகு ஸ்பிரிட்டாலும் துடைக்க வேண்டும். எண்ணெய் மிஞ்சினால் அதுவும் எடையில் சேரும்.

உலர்த்துவதற்கு வெயில் போதாது, ஈரம் கொஞ்சம் தங்கிவிடும். ஆய்வகங்களில் 70 டிகிரியில் மூன்று நாள் வைப்பார்கள். வீட்டு அடுப்பை அப்படி விடாமல் ஓட்டுவது ஆபத்து. பகலில் ஆள் இருக்கும்போது 70 டிகிரியில் வைத்து, நான்கு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு எடைகள் ஒன்றாக வரும்வரை தொடரலாம். அடுப்பின் குமிழ் காட்டும் வெப்பத்தை நம்பாதீர்கள். வெளியே எடுத்த வில்லை காற்றின் ஈரத்தை உடனே இழுக்கும், தராசின் எண் கண்முன்னே ஏறும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஆறவைத்து, திறந்த கையோடு எடை போட வேண்டும்.

முருங்கை மிக இலேசு, மாவும் ஆலும் கனம். முருங்கை சிக்கனமாக இலை செய்கிறது; அந்த இலை கிராமுக்கு அதிக நைட்ரஜனோடு வேகமாக உணவு தயாரித்துவிட்டு, வறட்சி வந்தால் உதிர்ந்துவிடும். மாவிலை ஓராண்டுக்கு மேல் கிளையில் நிற்கும். போட்ட முதல் மெல்லத்தான் திரும்பும் என்பதால் காற்றையும் பூச்சியையும் தாங்கும் நாரும் தடிப்பும் அதற்கு வேண்டும். முருங்கையைக் கீரையாக ஆய்கிறோம், ஆலிலையைத் தையல் இலையாகத் தைக்கிறோம். இரண்டுக்கும் காரணம் இந்த ஒரே எண்ணில் இருக்கிறது என்பது தராசின் முன்னால்தான் உறைத்தது. ஒரே தெருவில், ஒரே மழையில் நிற்கும் மரங்கள் இவ்வளவு வேறுபடுவதால், தட்பவெப்பத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

நடுநரம்பை விட்டு எடுத்த வில்லைகள் முழு இலையைவிடக் குறைவாகவே காட்டும். நூல்களில் உள்ள எண்களோடு ஒப்பிட முழு இலையை ஸ்கேன் செய்வதே சரி.

அடுத்தது விதை எடை. 2016இல் சாண்ட்ரா டியாஸ் குழுவினர் 46,085 இனங்களைக் கொண்டு செய்த பகுப்பாய்வில், உயரமான தாவரங்களுக்குப் பெரிய விதை என்ற போக்கு தெரிந்தது. கடுகைவிடச் சிறிய விதையிலிருந்து எழும் ஆல் அதற்கு விலக்கு. பழத்தை நீரில் பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்டி, 500 விதைகளை எண்ணி எடை போட வேண்டும்.