காவலுக்கு எந்த டோர்ச்?

களுவாஞ்சிக்குடிக் கடையொன்றில் இன்று ஒரு பெரியவர் டோர்ச்சின் பின்மூடியைத் திருகிக்கொண்டே நின்றார். அது அசையவில்லை.

"இதுக்குப் பெற்றரி எதுக்குள்ளால மாத்துற மகன்?"

"மாத்தேலா ஐயா. சார்ஜ் போடுறதுதான்."

அப்படியே வைத்துவிட்டார். வெள்ளாவெளிப் பக்கம் வேளாண்மைக் காவலுக்குப் போகிறவராம்.

எவ்வளவு சரியான கேள்வி!

விடிய விடியப் பரணில் இருக்கிறவருக்கு, யானை வரும் நேரம் வெளிச்சம் மங்கினால் சார்ஜ் போடக் கரண்ட் எங்கே? மாற்றும் வகையென்றால் மடியில் இன்னொரு பெற்றரி போதும்.

உள்ளே பூட்டிய லிதியம் பெற்றரி சில நூறு தடவை சார்ஜ் ஏற்றியதும் தளரும். அதோடு நல்ல பல்பும் குப்பைக்குத்தான். சில மலிவு டோர்ச்சுகளில் இருப்பது ஈய அமிலப் பெற்றரி. மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தாலே கெட்டுவிடும். மாரிக்கென்று அலுமாரிக்குள் வைக்க அது உதவாது.

வீட்டுக்குள் நடமாட, அடிக்கடி சார்ஜ் போடுகிறவர்களுக்கு இப்படிப் பூட்டிய வகை பரவாயில்லை.

என் தெரிவு 18650 என்ற லிதியம் பெற்றரி போடும் டோர்ச். 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 நீளம். சார்ஜும் போடலாம், கழற்றி மாற்றவும் செய்யலாம்.

ஆனால் பெற்றரியில் 9900 மில்லிஅம்பியர் மணி (mAh, அது கொள்ளும் சார்ஜின் அளவு) என்று எழுதியதை நம்பி வாங்காதீர்கள். இந்த அளவில் நல்ல பெற்றரிகளே 3500 சொச்சம்தான் தரும்.