ஓர் எழுத்துக்குச் சிலை வைத்த ஊர்

மாஸ்கோவில் ரயில் ஏறி ஏறத்தாழ ஒரு முழு நாள். ஜன்னலில் பிர்ச் மரம், பைன் மரம், மறுபடியும் பிர்ச். அலுத்துத் தூங்கி எழுந்தபோது சிக்திவ்கர் வந்திருந்தது. ரஷ்யாவின் கோமி குடியரசுக்குத் தலைநகரம். சிக்திவ் என்பது ஆற்றின் பெயர். 'கர்' என்றால் நகரம்.

பலகைகளில் ரஷ்ய மொழியோடு கோமியும் இருந்தது. தெருவிலோ காதில் விழுந்ததெல்லாம் ரஷ்ய மொழிதான். 2010 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 2.28 லட்சமாக இருந்த கோமி மக்கள், 2021இல் சுமார் 1.44 லட்சம். இவர்களிலும் எல்லோரும் கோமி பேசுவதில்லை.

ஆனால் எழுத்து மட்டும் பழையது. 14ஆம் நூற்றாண்டில் மதம் பரப்ப வந்த ஸ்தெபான் என்ற பாதிரியார் இவர்களுக்கென்றே 'அன்பூர்' என்ற எழுத்துமுறையை உருவாக்கினார். இம்மக்கள் வணங்கிய பிர்ச் மரத்தை வெட்டிச் சாய்த்தவரும் அவரே என்கிறார்கள். நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது புழங்குவது ரஷ்ய எழுத்துகள்தாம், இரண்டு கூடுதல் எழுத்துகளோடு. அவற்றில் ஒன்றுக்கு நகரில் சிலையே வைத்திருக்கிறார்கள்: ஒரு வட்டம், தலைமேல் இரண்டு புள்ளி. தலைவர்களுக்கு வைத்த சிலைகளைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது பெரிய ஆறுதல்.

இலக்கணம் அந்நியமாகவே இல்லை. 'கெர்கா' வீடு, 'கெர்காயாஸ்' வீடுகள், 'கெர்காயாஸின்' வீடுகளில். நாம் ஒட்டுகிற அதே வரிசை! உறவு என்று மட்டும் யாரும் கிளம்பிவிட வேண்டாம். இதன் உறவினர் ரஷ்யாவிலேயே பேசப்படும் உத்முர்த் மொழியும், தூரத்தில் ஃபின்னிஷும் ஹங்கேரியனும்.

சந்தையில் ஒரு பாட்டி வாளி நிறையச் சிவப்புக் காட்டுப்பழங்களை வைத்துக்கொண்டு, குவளையால் அளந்து விற்றுக்கொண்டிருந்தார். பெயர் கேட்டேன். ரஷ்யப் பெயரை முதலில் சொன்னவர், நான் கோமியில் என்ன என்றதும் நிமிர்ந்து பார்த்தார். "தூரிபுவ்." கைகளைச் சிறகுபோல் அசைத்துக் காட்டினார். தூரி என்றால் கொக்கு, கொக்குப் பழம். புளிப்பில் கண் மூடிக்கொண்டது.

'நன்றி' என்பதற்குப் படித்து வைத்திருந்த சொல்லை, "அத்யோ" என்று சொன்னேன். பாட்டி தலையாட்டி மறுத்தார். கடைசியில் வருவது அந்தச் சிலை எழுத்து. உதட்டைக் குவிக்கக் கூடாதாம். என் உதடுகளை விரலால் சுட்டிக்காட்டி, மூன்று முறை சொல்ல வைத்த பிறகுதான் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்.